டொலுயீன்ல பிஹெச் மீட்டரை முக்கலாமா? ஆசிட், பேஸ், அயனி ஜோடி பத்தி ஒரு நீள பதில்

கேள்வி இதுதான்: டொலுயீன், ஹெக்ஸேன் மாதிரி போலாரிட்டி இல்லாத சால்வென்ட்ல ஒரு ஆசிட்டையும் ஒரு அமீனையும் (நைட்ரஜன் உள்ள பேஸ்) கலந்தா உப்பு உண்டாகுமா, உண்டானா அங்க பிஹெச் எவ்வளவுன்னு எப்படி பாக்குறது, தண்ணிக்குப் போட்டு வச்சிருக்குற பிகேஏ டேபிளை (ஆசிட் எவ்வளவு ஸ்ட்ராங்னு சொல்ற நம்பர், குறைஞ்சா ஸ்ட்ராங்) அங்கயும் நம்பலாமா. மூணுக்கும் பதிலை முதல்லயே சொல்லிடறேன். உப்பு உண்டாகும், ஆனா அயனிங்க தனித்தனியா திரியாது, ஜோடி ஜோடியா ஒட்டிக்கிட்டுத்தான் கிடக்கும். பிஹெச்னு ஒண்ணு அங்க கிடையாதுன்னே வச்சுக்கங்க. டேபிளை ஒரே குடும்பத்து ஆசிட்டுகளுக்குள்ள மட்டும் நம்பலாம், அதுவும் கொஞ்சம் பயந்துகிட்டே.

முதல்ல பிஹெச் கதை. நான் ஒரு மருந்து கம்பெனியில ப்ராசஸ் லேப்ல இருந்த காலத்துல நடந்தது. அமீனை டொலுயீன்ல கரைச்சு வச்சிருந்தோம், அதுல ஐபிஏ ஹெச்சிஎல்லை (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல கரைச்ச ஹெச்சிஎல்) சொட்டுச் சொட்டா விட்டு ஹைட்ரோகுளோரைடு உப்பா இறக்கணும். பேட்ச் ஷீட்ல "பிஹெச் 2 வரும் வரை சேர்க்கவும்"னு ஒரு வரி, முந்தின தண்ணி ஸ்டெப்ல இருந்து யாரோ காப்பி பண்ணி ஒட்டினது. நைட் ஷிஃப்ட்ல இருந்த தம்பி நல்ல பையன், எழுதினதை எழுதினபடி செய்றவன், எலக்ட்ரோடை எடுத்து நேரா ஸ்லர்ரிக்குள்ள முக்கிட்டான். முதல்ல 7.2 காட்டுச்சாம். அஞ்சு நிமிஷத்துல 4-க்குக் கீழ போச்சாம். தொடைச்சுட்டு மறுபடி வச்சா 9. மூணு நம்பரையும் எழுதி பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டுட்டு, பிஹெச் 2 வரலையேன்னு ஊத்திக்கிட்டே இருந்திருக்கான். காலையில வந்து பாத்தா ஹெச்சிஎல் ரெண்டு மடங்கு போயிருக்கு, உப்பு தூளா இறங்காம அடியில பிசின் மாதிரி அப்பிக் கிடக்கு.

அவன் மேலயும் தப்பு இல்ல, மீட்டர் மேலயும் தப்பு இல்ல. அந்தக் கண்ணாடிக் குமிழ் மேல தண்ணி ஊறின மெல்லிசான ஜெல் படலம் ஒண்ணு இருந்தாத்தான் அது புரோட்டானுக்கு அசையும், ரெஃபரன்ஸ் பக்கம் இருக்குற பொட்டாசியம் குளோரைடு கரைசலுக்கும் வெளியில இருக்குற திரவத்துக்கும் நடுவுல கரன்ட் போக வழி இருக்கணும். டொலுயீனோ அசல் இன்சுலேட்டர். சர்க்யூட்டே முடியாத இடத்துல மீட்டர் எதையோ காட்டும், அவ்வளவுதான். இதைவிட அடிப்படையான விஷயம் ஒண்ணும் இருக்கு: தண்ணியில ஆசிட் விடுற புரோட்டானைத் தண்ணியே வாங்கிக்கும், ஹைட்ரோனியம்னு பேர் வச்சு நாலு தண்ணி மூலக்கூறு சுத்தி நின்னு தாங்கும். டொலுயீனுக்கு அந்தக் கை இல்ல. அங்க ஆசிட் தன் புரோட்டானை சால்வென்ட்கிட்ட கொடுக்கவே முடியாது, எதிர்ல ஒரு பேஸ் வந்து நின்னாத்தான் கொடுக்கும். அதனால "இந்த ஆசிட் டொலுயீன்ல எவ்வளவு ஸ்ட்ராங்"ங்குற கேள்வியே பாதிக் கேள்வி, "எந்த பேஸோட"ன்னு மீதியையும் சேர்த்துத்தான் கேட்கணும். இந்தப் பதில்ல நான் சொல்ல வர்றது மொத்தமே இந்த ஒரு விஷயம்தான்.

சரி, அயனிங்க ஏன் பிரியாது? கணக்கைப் போட்டே பாத்துடலாம். ஒரு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ், நடுவுல 0.5 நானோமீட்டர் தூரம்னு வைங்க. ரெண்டையும் முழுசா இழுத்துப் பிரிக்க ஆகுற செலவு தண்ணியில ஒரு மோலுக்கு சுமார் 3.5 கிலோஜூல், ஏன்னா தண்ணியோட டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் 78, இழுவிசையை 78-ஆல வகுத்துடுது. பென்சீன்ல அந்த நம்பர் 2.27 தான், அதே பிரிவுக்கு 120 கிலோஜூலுக்கு மேல கேட்குது. ரூம் டெம்பரேச்சர்ல வெப்பம் இனாமா தர்ற சில்லறை சுமார் 2.5 கிலோஜூல். 3.5-ஐ அந்த சில்லறையை வச்சு சமாளிச்சுடலாம், 120-ஐ எங்க போய் சமாளிக்கிறது?

இதையே இன்னொரு விதமா, தூரமா சொல்லலாம். ரெண்டு அயனிக்கு நடுவுல இருக்குற இழுப்பு இந்த வெப்பச் சில்லறைக்குச் சமமா இறங்குற தூரத்துக்கு பியெரம் நீளம்னு பேரு, டென்மார்க்கோட நீல்ஸ் பியெரம் 1926-ல அயனி ஜோடிங்குற யோசனையை இந்த மாதிரிக் கணக்கை வச்சுத்தான் நிறுத்தினார். தண்ணியில அது 0.7 நானோமீட்டர், கிட்டத்தட்ட அயனியோட உடம்பு அளவுதான். டொலுயீன்ல 23 நானோமீட்டருக்கு மேல போகுது. இப்ப ஒரு மில்லிமோலார் (லிட்டருக்கு ஆயிரத்துல ஒரு பங்கு மோல்) உப்பை எடுத்துக்கங்க, எல்லா அயனியும் பிரிஞ்சு சமமா பரவி நின்னாக்கூட பக்கத்துல இருக்கிறவன் சராசரியா 9, 10 நானோமீட்டர் தள்ளித்தான் நிப்பான். பிடியோட நீளம் 23, ஓடி ஒளிய இடம் 10. எங்க ஓடினாலும் பிடிக்குள்ளதான்.

இதை வெறும் பேப்பர் கணக்குன்னு நினைக்க வேண்டாம், 1933-லயே ப்ரவுன் யூனிவர்சிட்டில ரேமண்ட் ஃபூவாஸும் சார்லஸ் க்ராஸும் அளந்து காட்டிட்டாங்க. அவங்க பண்ணது ரொம்ப அழகான வேலை: டெட்ராஐசோஅமைல் அமோனியம் நைட்ரேட்னு ஒரே உப்பு, டையாக்ஸேனையும் தண்ணியையும் வெவ்வேற அளவுல கலந்து சால்வென்டோட டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட்டை 2-ல இருந்து 78 வரைக்கும் படிப்படியா மாத்திக்கிட்டே கண்டக்டிவிட்டி பாத்தாங்க. பாதிக்குப் பாதி தண்ணி இருக்குறப்போ உப்பு தாராளமா பிரியுது, பிரியுற கான்ஸ்டன்ட் 0.25 பக்கம். தண்ணியைக் குறைச்சுக்கிட்டே வந்து 0.6 சதவீதத்துல நிறுத்தினப்போ டைஎலக்ட்ரிக் 2.38, டொலுயீனோட அதே நம்பர், பிரியுற கான்ஸ்டன்ட் சுமார் 2 இன்டு 10 பவர் மைனஸ் 16. உப்பு அதேதான், சால்வென்ட் மட்டும் மாறினதுக்கு 15 பவர் வித்தியாசம்! அந்த கான்ஸ்டன்ட்டை வச்சு ஒரு மில்லிமோலார்ல கணக்குப் போட்டா 20 லட்சம் ஜோடிக்கு ஒண்ணு பிரிஞ்சிருக்கும். இவ்வளவுக்கும் அது உருவத்துல பெரிய, குண்டு அயனி. சின்ன அயனியா இருந்தா இன்னும் மோசம்.

அவங்க பாத்ததுல இன்னொரு வினோதம். நீர்த்த கரைசல்ல செறிவு ஏற ஏற மோலுக்கான கண்டக்டிவிட்டி குறையும், அது எல்லாருக்கும் தெரிஞ்சது. இங்க குறைஞ்சுகிட்டே வந்து ஒரு இடத்துல தரை தட்டி மறுபடி ஏற ஆரம்பிச்சுடுது. ஜோடி நடுநிலை, கரன்ட் கடத்தாது. ஆனா ஜோடிக்கு ஒரு பெரிய டைபோல் (ஒரு முனை பிளஸ், மறுமுனை மைனஸ்) இருக்குல்ல, அதுல மூணாவதா ஒரு அயனி வந்து ஒட்டிக்கிட்டா பிளஸ்-மைனஸ்-பிளஸ்னோ மைனஸ்-பிளஸ்-மைனஸ்னோ மூணு பேர் கூட்டணி உண்டாகுது, அதுக்கு மொத்தமா ஒரு சார்ஜ் மிஞ்சுது, அது நகரும். ட்ரிபிள் அயான்னு பேரு. செறிவு இன்னும் ஏறினா நாலு, ஆறுன்னு கொத்து கொத்தா சேரும். அதனால "டொலுயீன்ல உப்பு ஜோடியா இருக்கும்"னு நான் மேல சொன்னதே நீர்த்த கரைசலுக்குத்தான் முழு உண்மை.

இப்ப ஆசிட்-பேஸுக்கு வருவோம். அசிட்டிக் ஆசிட், ட்ரைஎத்தில் அமீன், இந்த ஜோடியையே எடுத்துப்போம், லேப்ல எல்லாரும் தினமும் தொடுற சாமான். தண்ணியில அசிட்டிக் ஆசிட்டுக்கு பிகேஏ 4.76, ட்ரைஎத்தில் அமோனியத்துக்கு 10.7 பக்கம். ஆறு யூனிட் லாபம், புரோட்டான் கண்ணை மூடிக்கிட்டு அமீனுக்குப் போயிடும். அசிட்டோநைட்ரைலுக்கு வாங்க, இது ஒண்ணும் போலாரிட்டி இல்லாததும் இல்ல, டைஎலக்ட்ரிக் 36. அங்க அசிட்டிக் ஆசிட்டோட பிகேஏ 22-க்கு மேல, அமோனியத்தோடது 19-க்குக் கொஞ்சம் கீழ. லாபம் போய் மூணு நாலு யூனிட் நஷ்டம்! ஏன் ஒண்ணு இவ்வளவு தாவுது, இன்னொண்ணு அவ்வளவா தாவலைன்னா, அசிட்டிக் ஆசிட் பிரியும்போது சார்ஜே இல்லாத இடத்துல ரெண்டு சார்ஜ் புதுசா பொறக்குது, அதுலயும் அசிட்டேட்ங்குற சின்ன மைனஸைத் தாங்கிப் பிடிக்க ஹைட்ரஜன் பாண்டு தர்ற ஆள் வேணும், அசிட்டோநைட்ரைலுக்கு அந்தக் குணம் கிடையாது. அமோனியம் பிரியும்போது முன்னாடியும் ஒரு பிளஸ், பின்னாடியும் ஒரு பிளஸ், கணக்கு கிட்டத்தட்ட நேராகிடுது.

அப்ப அசிட்டோநைட்ரைல்லயே நஷ்டம்னா டொலுயீன்ல சுத்தமா எதுவும் நடக்கக் கூடாதே? நடக்குது, காரணம் டொலுயீன்ல யாரும் அயனியைப் பிரிச்சு வைக்கச் சொல்லி கேக்குறதில்ல. புரோட்டான் தாவின உடனே பிளஸ்ஸும் மைனஸும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்குது, மேல சொன்ன அந்த 120 கிலோஜூல் செலவு வரவே வராது, அந்த ஜோடியோட இழுப்புதான் மொத்த வியாபாரத்தையும் தாங்குது. அதுலயும் இந்த ஜோடியில நைட்ரஜன் மேல இருக்குற ஹைட்ரஜன் அசிட்டேட்டோட ஆக்சிஜனை விடாம பிடிச்சுக்கிட்டிருக்கும். புரோட்டான் இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு கேட்டா நடுவுல எங்கயோன்னு சொல்ற மாதிரியும் கேஸ் வரும். பலவீனமான ஆசிட்னா வெறும் ஹைட்ரஜன் பாண்டு ஜோடியா நின்னுடும், ஸ்ட்ராங்கான ஆசிட்னா முழு அயனி ஜோடி, நடுவுல இருக்கிறதுக்கு ரெண்டும் கலந்த சமநிலை.

அமோனியாவையும் ஹெச்சிஎல்லையும் பக்கத்துல திறந்து வச்சா வெள்ளைப் புகை வரும்னு எட்டாவதுல இருந்து சொல்லிக் கொடுக்குறாங்க. ஆனா வாயு நிலையில ஒரே ஒரு அமோனியா, ஒரே ஒரு ஹெச்சிஎல் ரெண்டு மட்டும் சேர்ந்தா புரோட்டான் தாவுறது இல்ல! வெறும் ஹைட்ரஜன் பாண்டோட நிக்குதுன்னு ஆண்டனி லீகன் குழு மைக்ரோவேவ் ஸ்பெக்ட்ரம் வச்சுக் காட்டினாங்க. புகையா தெரியுற அமோனியம் குளோரைடு உண்டாகணும்னா சுத்தி நாலு பேர் வேணும். ஆக புரோட்டான் தாவுறதும் தாவாததும் அக்கம்பக்கத்தைப் பொறுத்தது, டொலுயீன் ரொம்ப அமைதியான அக்கம்பக்கம். இதே அசிட்டிக் ஆசிட், ட்ரைஎத்தில் அமீனை 1954-ல பேரோவும் யெர்ஜரும் கார்பன் டெட்ராகுளோரைடுலயும் குளோரோஃபார்ம்லயும் போட்டு ஐஆர் (இன்ஃப்ராரெட் ஸ்பெக்ட்ரம்) எடுத்தாங்க. ஒண்ணுக்கு ஒண்ணு சேர்ந்தது தெரிஞ்சது, கூடவே ஒரு அமீனுக்கு ரெண்டு ஆசிட்னு சேர்ந்ததும் தெரிஞ்சது.

அந்த ரெண்டாவது ஆசிட் எங்க இருந்து வருதுன்னா, ப்ளஸ் டூ கணக்கு ஒண்ணு ஞாபகப்படுத்துறேன். என்சிஇஆர்டி பன்னிரண்டாவது புத்தகத்துல இருக்கும்: 25 கிராம் பென்சீன்ல 2 கிராம் பென்சோயிக் ஆசிட், உறைநிலை 1.62 கெல்வின் இறங்குது, கேஎஃப் 4.9, எவ்வளவு சதவீதம் டைமர் (ரெண்டு ரெண்டா ஒட்டினது)? விடை 99.2. அப்ப மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டுப் போயிட்டோம். அதோட அர்த்தம் என்னன்னா போலாரிட்டி இல்லாத சால்வென்ட்ல ஆசிட்டுக்கு ஹைட்ரஜன் பாண்டு தர ஆளே இல்லாததால ஆசிட்டே ஆசிட்டைக் கட்டிக்குது. இப்ப ஒரு அமீன் வந்து புரோட்டானைப் புடுங்கினா மிச்சம் நிக்கிற ஆனயான் (மைனஸ் அயனி) தனியா நிக்க முடியாம பக்கத்துல இருக்குற இன்னொரு ஆசிட் மேல சாயும். ஹோமோகான்ஜுகேஷன்னு சொல்வாங்க. அசிட்டோநைட்ரைல்ல அசிட்டேட்டுக்கும் அசிட்டிக் ஆசிட்டுக்கும் நடுவுல அந்த கான்ஸ்டன்ட் சில ஆயிரம். அதனால நீங்க டொலுயீன்ல அமீனை ஆசிட்டால டைட்ரேட் பண்ணி கர்வ் போட்டா ஒரே படி அழகா வராது, பாதி வழியில ஒரு கோணல் விழும், "என்னடா கெமிக்கல் சரியில்லையா"ன்னு பாட்டிலை மாத்திப் பாப்பீங்க. பாட்டில் சரியாத்தான் இருக்கும்.

சரி, பிஹெச்சும் இல்ல, தனி அயனியும் இல்ல, அப்ப அளக்குறது எப்படி? நிறத்தை வச்சு. 1930-கள்லயே லாமெரும் டௌன்ஸும் பென்சீனுக்குள்ள இண்டிகேட்டர் போட்டுப் பாத்தாங்க. அதுக்கப்புறம் அமெரிக்காவோட நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ்ல மேரியன் மேக்லீன் டேவிஸ்னு ஒரு அம்மா வருஷக்கணக்கா இதையே பிடிச்சுக்கிட்டு உக்காந்து, 1968-ல மொத்தத்தையும் ஒரு மோனோகிராஃபா போட்டாங்க. என்னைக் கேட்டா இந்தத் துறையில உள்ள நுழையுறவங்க முதல்ல படிக்க வேண்டியது அவங்களைத்தான். அவங்க கையாண்ட இண்டிகேட்டர் டெட்ராப்ரோமோஃபீனால்ஃப்தலீன் எத்தில் எஸ்டர், பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிடும். ஆசிட்டா இருக்கும்போது பென்சீன்ல மஞ்சள். அமீன் ஒரு சொட்டு போட்டா சிவப்பு கலந்த மெஜந்தா. ஆனா நைட்ரஜன்ல ஹைட்ரஜனே இல்லாத குவாட்டர்னரி அமோனியத்தோட உப்பா இருந்தா நீலம்! ரெண்டுலயும் இருக்குறது அதே ஆனயான்தான். அமீன் கேஸ்ல அமோனியத்தோட ஹைட்ரஜன் அந்த ஆக்சிஜனைப் பிடிச்சு வச்சிருக்கு, குவாட்டர்னரிக்கு பிடிக்கக் கை இல்ல, ஆனயான் கொஞ்சம் மூச்சு விடுது, நிறம் மாறுது. அயனி ஜோடின்னா ஏதோ ஏட்டுச் சமாச்சாரம்னு நினைக்கிறவங்க இந்த ரெண்டு டெஸ்ட் டியூப்பை பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு தடவை பாத்தா போதும்.

டேவிஸ் பெரும்பாலும் டைஃபீனைல்குவானிடினை ஸ்டாண்டர்டு பேஸா வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஆசிட்டும் அதோட சேருற கான்ஸ்டன்ட்டை எடுத்தாங்க. மெட்டா, பாரா இடத்துல குரூப் மாத்தின பென்சோயிக் ஆசிட்டுகளுக்கு தண்ணி வரிசையும் பென்சீன் வரிசையும் அழகா ஒரே கோட்டுல விழுது, ஆனா பென்சீன்ல வித்தியாசம் ரெண்டு மடங்குக்கு மேல பெருசா தெரியுது. தண்ணி எல்லா ஆனயானையும் தடவிக் கொடுத்து பேதத்தைக் குறைச்சுடுது, பென்சீன் அப்படிச் செய்றதில்ல. இதனாலதான் ஒரே குடும்பத்துக்குள்ள டேபிளை நம்பலாம்னு மேல சொன்னேன். கார்பாக்ஸிலிக் ஆசிட்டையும் ஃபீனாலையும் ஒரே வரிசையில வச்சீங்கன்னா கோடு உடைஞ்சுடும், ஆர்த்தோ இடத்துல (ஆசிட் குரூப்புக்கு ஒட்டின பக்கத்து இடம்) குரூப் இருந்தாலும் உடையும்.

பேஸ் பக்கமும் இதே கூத்துதான். நீட் படிச்ச எல்லாருக்கும் அமீன் வரிசை ஒரு தலைவலி: தண்ணியில ப்யூட்டைல் அமீன்கள்ல ரெண்டாம் நிலை மேல, மூணாம் நிலை கீழ இறங்கிடும், காரணம் மூணாம் நிலை அமோனியத்துல தண்ணி பிடிக்க ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் இருக்கு. குளோரோபென்சீன்ல அளந்தா மோனோவை விட டை, டையை விட ட்ரைன்னு ஒழுங்கா ஏறுது. எலக்ட்ரான் தள்ளுற குரூப் கூடினா பேஸ் தன்மை கூடணும்னு நாம மனசுல நினைச்ச வரிசை அதுதானே, அது கிடைக்க தண்ணியை விட்டு வெளியில வர வேண்டியிருக்கு. ஆனா இதையும் ரொம்ப நம்பிடாதீங்க, எதிர்ல நிக்கிற ஆசிட்டை மாத்தினா இந்த வரிசையும் ஆடலாம்.

இந்த "யாரோட"ங்குற தொல்லையை முடிஞ்ச வரைக்கும் ஒழிக்க ஒரு நல்ல வழியை எஸ்டோனியாவோட டார்ட்டு யூனிவர்சிட்டில ஈவோ லைட்டோ, கோப்பல் குழு பிடிச்சாங்க, 1997-ல ஹெப்டேனுக்குள்ள பண்ணாங்க. ஹெப்டேன்னா டைஎலக்ட்ரிக் 1.9, இதுக்குக் கீழ போக இடமே இல்லாத சால்வென்ட். ஜெர்மனியோட ஃப்ரைபர்க்ல ஷ்வெஸிங்கர் உண்டாக்கின ஃபாஸ்ஃபஸீன் பேஸை எடுத்தாங்க. அது புரோட்டானை வாங்கினா பூசணிக்காய் மாதிரி பெரிய கேட்டயான் (பிளஸ் அயனி), சார்ஜ் உள்ளுக்குள்ள பரவிக் கிடக்கும், ஆனயானை இறுக்கிப் பிடிக்காது, ஹைட்ரஜன் பாண்டும் பெருசா தராது. ஸ்பெக்ட்ரம் எடுக்குற ஒரே குட்டிக் குப்பியில ரெண்டு ஆசிட், இந்த ஒரு பேஸ். ரெண்டு ஆசிட்டும் அந்த ஒரே பேஸுக்கு அடிச்சுக்கும், எந்த ஆசிட்ல இருந்து எவ்வளவு புரோட்டான் போச்சுன்னு யூவி ஸ்பெக்ட்ரத்துல தெரியும். கேட்டயான் ரெண்டுக்கும் பொதுங்குறதால ஜோடி இழுப்பு பெரும்பாலும் அடிபட்டுப் போகுது, மிச்சம் ஆனயான் அளவு வித்தியாசத்துக்கு ஃபூவாஸ் சமன்பாட்டை வச்சு ஒரு திருத்தம். கிடைக்கிறது தனி பிகேஏ இல்ல, ரெண்டு ஆசிட்டுக்கு நடுவுல இருக்குற வித்தியாசம் மட்டும்தான். அதை ஏணி மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டே போவாங்க.

ஜோடின்னு சொல்லிட்டேனே, அதுலயும் ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணு மேனியும் மேனியும் உரச நிக்கிறது, இன்னொண்ணு நடுவுல சால்வென்ட் மூலக்கூறு புகுந்து நிக்கிறது. 1950-கள்ல சால் வின்ஸ்டைன் ரியாக்ஷன் வேகத்தை வச்சு இதைச் சொன்னப்போ பாதிப் பேர் நம்பல. அப்புறம் ஹோகன்-எஷும் ஸ்மிடும் ஃப்ளூரினைல் சோடியம்ங்குற உப்பை டிஹெச்எஃப்ல (டெட்ராஹைட்ரோஃப்யூரான்ங்குற சால்வென்ட்) கரைச்சு ஸ்பெக்ட்ரம் எடுத்தாங்க: ரூம் டெம்பரேச்சர்ல 356 நானோமீட்டர்ல ஒரு பீக், குளிர வைக்க வைக்க அது தேய்ஞ்சு 373-ல இன்னொரு பீக் எழும்புது, மைனஸ் 50-க்குக் கீழ போனா கிட்டத்தட்ட முழுசும் ரெண்டாவதுதான். சூடு பண்ணா ஜோடி பிரியும்னுதானே நாம நினைப்போம், இங்க குளிர்ல தளருது! ஏன்னா குளிர்ல டிஹெச்எஃப்போட டைஎலக்ட்ரிக் ஏறுது, சோடியத்தை டிஹெச்எஃப் சுத்திப் பிடிக்கிறதும் லாபமா ஆகுது. டிஹெச்எஃப் டொலுயீன் மாதிரி இல்ல, அதுக்கு ஆக்சிஜன் கை இருக்கு. டொலுயீன்ல இந்த நடுவுல புகுற வேலைக்கு ஆள் கிடையாது, உரசி நிக்கிற ரகம்தான் கதி.

அந்த உரசலையே வேலைக்கு வச்சவங்களும் இருக்காங்க. பெஞ்சமின் லிஸ்ட் குழு கைரல் (இடது கை, வலது கை மாதிரி பேதம் உள்ள) பாஸ்பாரிக் ஆசிட்டோட ஆனயானை ஒரு பிளஸ் இடைநிலைப் பொருளுக்குப் பக்கத்துல ஒட்ட வச்சு, ரியாக்ஷன் இடது வலதுல எந்தப் பக்கம் நடக்கணும்னு அந்த ஆனயானையே தீர்மானிக்க விட்டாங்க. இதைத் தண்ணியில பண்ணா ஆனயான் எங்கயோ போயிடும், போலாரிட்டி இல்லாத சால்வென்ட்ல ஓட இடம் இல்ல. 2021 நோபல் லிஸ்ட்டுக்கும் மேக்மில்லனுக்கும் போச்சே, அந்த ஆர்கனோகேட்டலிஸிஸ் (உலோகம் இல்லாம ஆர்கானிக் மூலக்கூறை வச்சே ரியாக்ஷனைத் தூண்டுறது) உலகத்துல இது ஒரு தெரு.

எண்ணெய்த் தொழில்லயும் இதே கதைதான் வேற வேஷத்துல வருது. ஓடின இன்ஜின் ஆயில்ல எவ்வளவு ஆசிட் சேர்ந்திருக்குன்னு டிஏஎன் (டோட்டல் ஆசிட் நம்பர்) பாக்குறாங்க இல்ல, அந்த டைட்ரேஷன் சால்வென்ட்டைக் கவனிச்சிருக்கீங்களா? 500 மில்லி டொலுயீன், 495 மில்லி ஐபிஏ, 5 மில்லி தண்ணி. டொலுயீன் ஆயிலைக் கரைக்க, ஐபிஏ ஆசிட்டையும் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடையும் சந்திக்க வைக்க, அந்த துளித் தண்ணி எலக்ட்ரோடுக்கும் அயனிக்கும் உயிர் கொடுக்க. வெறும் ஆயில்ல எலக்ட்ரோடை வச்சா எங்க நைட் ஷிஃப்ட் தம்பி கதைதான். விமான எரிபொருள்ல பிரச்சனை தலைகீழ். குழாய்ல வேகமா ஓடும்போது சார்ஜ் சேருது, கடத்த அயனி இல்லாததால வெளிய வடியாது, பொறி பறந்தா முடிஞ்சுது. அதனால வேணும்னே அயனி உண்டாக்குற ஆன்டிஸ்டேட்டிக் அடிட்டிவ் துளி சேர்ப்பாங்க, கண்டக்டிவிட்டி ஒரு மீட்டர் நீளத்துக்கு 50-ல இருந்து 600 பிக்கோசீமென்ஸ் வரைக்கும் இருக்கணும்னு கணக்கு. அதி சுத்தமான தண்ணியிலயே 55 லட்சம் பிக்கோசீமென்ஸ் இருக்கும், அப்ப பாத்துக்கங்க எவ்வளவு குட்டி அளவுன்னு. அந்தக் குட்டி அளவே சார்ஜை வடிச்சுடும்.

ஒண்ணை மறக்காம சொல்லிடணும், தண்ணி. இந்தத் துறையில பாதி சண்டைக்குக் காரணம் அதுதான். டொலுயீன்ல தண்ணி கரையவே கரையாதுன்னு சொல்வோம், ஆனா ரூம் டெம்பரேச்சர்ல 300 பிபிஎம் பக்கம் கரையும். மோலாரிட்டிக்கு மாத்தினா 0.014 வருது. நீங்க ஒரு மில்லிமோலார் ஆசிட்டை வச்சு கான்ஸ்டன்ட் எடுத்துக்கிட்டிருக்கீங்க, உள்ள அதைவிட பதினாலு மடங்கு தண்ணி உக்காந்திருக்கு, ஆனயான் மேல ஒட்டி உங்க நம்பரையே மாத்திக்கிட்டிருக்கு. தண்ணி எவ்வளவுன்னு அளக்குற கார்ல் ஃபிஷர் டெஸ்ட் போடாம, தண்ணியை உறிஞ்சுற மாலிக்யூலர் சீவ் போடாம எடுத்த நம்பரை நான் பாக்குறதே இல்ல.

உங்க கேஸுக்கு வர்றேன். ஆசிட்டையும் அமீனையும் டொலுயீன்ல போட்டு உப்பா வெளிய எடுக்கணும்னா பிகேஏ வித்தியாசத்தை ஒரு முதல் ஊகமா வச்சுக்கங்க, ஹெச்சிஎல், சல்ஃபோனிக் ஆசிட் மாதிரி ஸ்ட்ராங் ஆசிட்னா கவலையே இல்ல, அயனி ஜோடியா போய் பெரும்பாலும் கொத்து கொத்தா சேர்ந்து கீழ இறங்கிடும். அசிட்டிக் மாதிரி ஆசிட்னா ஐஆர்ல கார்பனைல் பீக்கைப் பாருங்க, 1700 பக்கம் நிக்குதா, 1560-1600 பக்கம் நகர்ந்துடுச்சான்னு, அதுதான் புரோட்டான் எங்க இருக்குன்னு சொல்லும். ஒண்ணுக்கு ஒண்ணு போட்டும் பாருங்க, ரெண்டு ஆசிட்டுக்கு ஒரு அமீனா போட்டும் பாருங்க, ரெண்டும் ஒரே பொருள் இல்ல.

எங்க பேட்ச் ஷீட்ல அந்த வரியை அப்புறம் மாத்திட்டோம். ஐபிஏ ஹெச்சிஎல்லை பிஹெச் பாத்து ஊத்தாம, அதுல எவ்வளவு ஹெச்சிஎல் இருக்குன்னு அன்னன்னைக்கு டைட்ரேட் பண்ணி, அமீனுக்கு எத்தனை ஈக்விவேலன்ட்டோ அத்தனை எடை போட்டு ஊத்துறது. செக் பண்ணணும்னா அஞ்சு மில்லி சேம்பிளை அஞ்சு மில்லி தண்ணியோட குலுக்கி, கீழ இறங்குற தண்ணி லேயர்ல மட்டும் மீட்டரை வைக்கிறது. அது அந்தத் தண்ணியோட பிஹெச்தான், டொலுயீனோடது இல்லன்னு ஷீட்லயே எழுதி வச்சோம். தம்பி அதுக்குக் கீழ சிவப்பு பேனாவுல ரெண்டு கோடு போட்டு வச்சான்.